கண்ணபுரத்து மாடும் உடுக்கைப் பாட்டும்

நடுவர் அய்யாவுக்கும், பொங்க வச்ச கையோட பாயப் போட்டு உக்காந்திருக்கற எங்கூரு சனத்துக்கும் வணக்கமுங்க. எனக்கு முன்னால பேசின எதிரணி அக்கா, திரைக்கு வெளிய அயோக்கியத்தனம் பண்றவனுக்குக் கைதட்டினா அந்த அயோக்கியத்தனத்துக்கே கைதட்டற மாதிரின்னு சொல்லிட்டுப் போனாங்க. நல்லாத்தான் பேசினாங்க, நானே கைதட்டினனுங்க. அதுக்காக அவிக அணிக்கா மாறிட்டேன்? ஆளு கெட்டவனா இருந்தாலும் அவன் கலைய ரசிக்கலாம்ங்கறதுதானுங்க எங்க அணி.

எங்கப்பாரு கதையச் சொல்றனுங்க. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில ஒரு காளை வாங்கினாரு. பல்லப் புடிச்சுப் பாத்து, சுழி பாத்து, துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு வெல பேசித்தான் வாங்கினாரு. ஊட்டுக்கு ஓட்டிட்டு வந்து ஏர்ல பூட்டினா நாலு எட்டு வச்சுட்டுப் படுத்துக்குது, வாலத் திருகினாலும் எந்திரிக்க மாட்டேங்குது. வித்த ஆளு யாருன்னா, அண்ணமார் கதைய, அதான் பொன்னர் சங்கர் கதைய, உடுக்கடிச்சுப் பாடறதுல அந்தச் சுத்துவட்டாரத்துலயே பேரு போனவரு. அடுத்த மாசமே எங்கூரு கோயில்ல அவரு பாட்டு. இவரு போகமாட்டாருன்னு ஆத்தா நெனச்சுது, ஆனா பொழுதோட சோத்தத் தின்னுட்டு போர்வையத் தோள்ல போட்டுட்டு மொத ஆளாப் போய் உக்காந்துட்டாரு. அண்ணம்மாரு செத்து விழுந்த படுகளத்துல தங்கச்சி தங்காள் அவிகளத் தேடி வர்ற எடம் வருது, உடுக்கைச் சத்தம் கொறஞ்சு கொறஞ்சு அந்தாளு கொரல் மட்டும் நிக்குது, அப்பாரு துண்ட வாயில அமுக்கிட்டு அழுகறாரு. மாடு அங்க கட்டுத்தறியில படுத்துக் கெடக்குது.

சினிமாவுக்கு வாங்க. 1944 தீபாவளிக்கு தியாகராஜ பாகவதரோட ஹரிதாஸ் படம் வந்துச்சு. அடுத்த மாசமே, சினிமாக்காரங்களப் பத்திக் கிசுகிசு எழுதின பத்திரிகைக்காரன் லட்சுமிகாந்தன் கொலை, அந்தக் கேசுல பாகவதரையும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனையும் புடிச்சு உள்ள வச்சுட்டாங்க.  ஹீரோ ஜெயில்ல, படம் மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பாத்துச்சு. 1947ல ரெண்டு பேரும் குத்தமில்லைன்னு வெளிய வந்தாங்க, பாகவதர் படம் அதுக்கப்பறம் எடுபடலை, கலைவாணருக்கு மட்டும் சனம் மறுபடியும் வயிறு குலுங்கச் சிரிச்சுது. ஒரே கேசு, ஒரே தீர்ப்புங்க. கொலைகாரன்னு பேரு இருந்தப்ப படம் ஓடுது, நிரபராதின்னு வந்தா ஓடலை. அப்ப சனம் என்னத்தப் பாத்துதுன்னு நீங்களே சொல்லுங்க.

எங்கம்மா எம்.ஜி.ஆர் பைத்தியம். 1967ல அவரச் சுட்டு ஜெயிலுக்குப் போனாரே எம்.ஆர்.ராதா, அவரோட ரத்தக்கண்ணீர் டிவியில போட்டா, "சண்டாளன், எங்க வாத்தியாரச் சுட்டுட்டானே"ன்னு திட்டிட்டே சிரிக்கும். சேனல் மட்டும் மாத்த விடாது.

எதிரணி அக்கா ஒண்ணு கேட்டாங்க, அந்த மாதிரி நடிகன்கிட்ட அடி வாங்கின பொண்ணையும் உக்காந்து ரசின்னு சொல்லுவீங்களான்னு. சத்தியமாச் சொல்லமாட்டனுங்க, அந்தப் புள்ள டிவிய ஒடைச்சாக்கூட நான் கேக்கமாட்டேன். ஷூட்டிங் எடத்துலயே ஒருத்தி கையப் புடிச்சு இழுத்தான்னா அது வெளிய நடந்ததே இல்லைங்க, வேலை செய்யற எடத்துல நடந்த குத்தம். கேசு போடுங்க, சான்ஸ் தராதீங்க, டிக்கெட் வாங்காதீங்க, நானும் வாங்கலை. ஆனா நேத்து வரைக்கும் சிரிச்ச சீனுக்கு இன்னைக்குச் சிரிப்பே வரலைன்னு பொய் சொல்லச் சொல்றீங்க பாருங்க, அதுதான் ஒத்து வரமாட்டேங்குது. இதுல இன்னொரு கூத்து என்னன்னா, அவன் படத்த இனிப் பாக்கமாட்டேன்னு ஸ்டேட்டஸ் போட்டதோட தண்டனை குடுத்தாச்சுன்னு நெனச்சுக்கறோம், அவன் பாட்டுக்கு அடுத்த பட பூஜையில மால போட்டுட்டு நிக்கறான்.

அப்ப உங்கப்பாரு அந்தாளச் சும்மா விட்டுட்டாரான்னு கேப்பீங்க. விடுவாரா? கோழி கூப்பிட்டு, பாட்டு முடிஞ்சு, ஆளு உடுக்கையத் துணியில சுத்திட்டு இருக்கறப்பவே முன்னால போய் நின்னுட்டாரு, கண்ணு இன்னும் செவந்தே இருக்குது. "பாட்டு நல்லாருந்துச்சு, மாட்டுக் காச எடு"ன்னாருங்க. பாதிதான் வந்துச்சு. மீதிக்கு ரெண்டு வருசம் அந்தாளு பாடற ஊரெல்லாம் தேடிப் போனாரு, போன பக்கமெல்லாம் விடிய விடியக் கேட்டுட்டுத்தான் காசக் கேட்டாரு.