ஒரு ஷூவுக்காகப் போலீஸ் வந்தது! ஸ்கேட்டர்கள் நைக்கியை ஏன் இத்தனை வருடம் உள்ளே விடவில்லை?

[திரையில்: சாம்பல் நிற ஷூ. குதிகால் பக்கம் சின்னதாக ஒரு புறா.]

2005 பிப்ரவரி 22. நியூயார்க், ஆர்ச்சர்ட் தெரு. ரீட் ஸ்பேஸ் என்ற சின்னக் கடையின் வாசலில் பெருங்கூட்டம். எலும்பைத் துளைக்கிற குளிர். அதிலும் சிலர் நாள்கணக்கில் அங்கேயே இடம்பிடித்துக் கிடக்கிறார்கள். உள்ளே என்ன விற்கிறார்கள்? ஒரு ஷூ. ஜெஃப் ஸ்டேபிள் வடிவமைத்த நைக்கி எஸ்பி டங்க். நியூயார்க் புறாவின் சாம்பல் நிறம், புறாவின் கால் நிறத்தில் அடிப்பாகம். மொத்தமே 150 ஜோடிதான் செய்தார்கள், அதில் ஒரு சிறு பங்குதான் அந்தக் கடைக்கு வந்தது. தள்ளுமுள்ளு முற்றிப் போலீஸ் வந்தது. ஷூ கிடைத்தவர்களைப் பத்திரமாக டாக்சியில் ஏற்றி அனுப்ப வேண்டியதாகிவிட்டது. மறுநாள் நியூயார்க் போஸ்ட் பத்திரிகையின் முதல் பக்கமே இந்தச் செய்திதான்.

அந்த ஷூவின் பெயரில் இருக்கும் 'எஸ்பி' என்பது ஸ்கேட்போர்டிங். அதாவது அது பலகை மேல் ஏறி நின்று, தேய்த்து, கிழித்துத் தூக்கிப் போடுவதற்காகச் செய்த ஷூ. அதற்குச் சில வருடம் முன்புவரை ஸ்கேட் கடைக்காரர்கள் நைக்கியைக் கடை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உலகத்தின் மிகப் பெரிய ஷூ கம்பெனியை! இது எப்படி மாறியது, மாறியதில் ஸ்கேட்டர்களுக்கு என்ன கிடைத்தது, என்ன போனது? அதுதான் இன்றைய வீடியோ.

[திரையில்: ஸ்கேட்போர்டின் மேல்பரப்பு, மிக அருகில்.]

முதலில் ஸ்கேட்டருக்கும் ஷூவுக்கும் என்ன உறவு என்று பார்த்துவிடுவோம். பலகையின் மேலே ஒட்டியிருக்கிற கறுப்புத் தாளைப் பாருங்கள். கிரிப் டேப் என்பார்கள். உண்மையில் அது உப்புத்தாள்தான், கால் வழுக்காமல் இருப்பதற்காக. ஸ்கேட்போர்டிங்கின் அடிப்படை வித்தை ஆலி. கையால் தொடாமலே பலகையோடு எகிறுவது. பின்காலால் பலகையின் வாலை ஓங்கி அடித்தால் முன்பக்கம் மேலே எழும்பும். அந்த நொடியில் முன்காலின் பக்கவாட்டை உப்புத்தாள் மேல் இழுத்துக்கொண்டே போய்ப் பலகையைச் சமப்படுத்த வேண்டும். ஒவ்வொரு ஆலிக்கும் ஒரு இழுப்பு. ஒரு நாளைக்கு நூறு, இருநூறு இழுப்பு. சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் முதலில் தோல் நூல் நூலாகப் பிரியும், அப்புறம் ஓட்டை விழும், அப்புறம் சாக்ஸ் வெளியே எட்டிப் பார்க்கும். ஷூலேஸ் பாதியில் அறுந்து தொங்கும். ஓட்டையைப் பசை வைத்து அடைத்து இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவார்கள்.

ஆக, வேறு எந்த விளையாட்டிலும் இல்லாத வேகத்தில் ஷூ தீர்ந்துபோகிற விளையாட்டு இது. விற்கிறவனுக்குக் கொண்டாட்டம். வாங்குகிற பதினாறு வயதுப் பையனுக்குத் திண்டாட்டம்.

இதை முதலில் புரிந்துகொண்ட கம்பெனி வேன்ஸ். 1966-ல் கலிஃபோர்னியாவின் அனஹைமில் பால் வான் டோரனும் கூட்டாளிகளும் தொடங்கியது. தடித்த ரப்பர் அடிப்பாகம், அதில் பலகையைக் கவ்விப் பிடிக்கிற வரிகள். ஸ்கேட்டர்களுக்காக என்று நினைத்துச் செய்ததே இல்லை, எழுபதுகளில் ஸ்கேட்டர்களே தேடி வந்தார்கள். வேன்ஸ் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு கால் ஷூ மட்டும் தேய்ந்துவிட்டதா? அந்த ஒரு காலுக்கு மட்டும் ஷூ விற்பார்கள்! ஒற்றை ஷூ! 1976-ல் டோனி ஆல்வா, ஸ்டேசி பெரால்டா என்ற இரண்டு இளம் ஸ்கேட்டர்களிடம் யோசனை கேட்டு, கணுக்காலுக்கு மெத்தை வைத்த ஒரு ஷூவைக் கொண்டுவந்தார்கள். ஸ்கேட்டர்களுக்கென்றே பிறந்த முதல் ஷூக்களில் அது ஒன்று.

[திரையில்: கத்தரிக்கோல்.]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதை. இதைச் சொல்வதற்காகவே இந்த வீடியோவை எடுத்தேன் என்றாலும் தப்பில்லை. 1989-ல் ஸ்டீவ் கபாலேரோ பெயரில் வேன்ஸ் ஒரு ஷூவை வெளியிட்டது. கபாலேரோ அந்தக் காலத்துப் பெரிய நட்சத்திரம். ஷூ கணுக்காலுக்கு மேலே வரை உயரம். அவர் விளையாடியது பெரிய வளைவுத் தளங்களில், அங்கே கணுக்காலுக்குப் பாதுகாப்பு வேண்டும். ஆனால் அதே வருடங்களில் விளையாட்டே தெருவுக்கு இறங்கிவிட்டது. படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, நடைபாதைத் திண்ணை. அங்கே கணுக்கால் எல்லாப் பக்கமும் மடங்க வேண்டும், உயரமான ஷூ இடைஞ்சல்.

பையன்கள் என்ன செய்தார்கள்? கத்தரிக்கோலை எடுத்தார்கள். புத்தம் புது ஷூவின் மேல்பாகத்தை வெட்டி எறிந்தார்கள். வெட்டிய விளிம்பு காலைக் கிழிக்காமல் இருக்க டக்ட் டேப் சுற்றினார்கள், சிலர் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். தன் பெயர் போட்ட ஷூவை ஊரே வெட்டுவதைக் கபாலேரோ பார்க்கிறார். அவருக்குக் கோபமே வரவில்லை. அவரும் தன் ஜோடியை வெட்டி, டேப் ஒட்டி, கம்பெனிக்குக் கொண்டுபோய், 'நாம் ஏன் இதை இப்படியே செய்து விற்கக் கூடாது?' என்று கேட்கிறார். 1992-ல் ஹாஃப் கேப் வந்தது. முப்பது வருடம் தாண்டியும் இன்றுவரை விற்கிறது.

தெருவில் வெட்டியதைப் பார்த்துக் கம்பெனி தன் அச்சையே மாற்றியது. பெரிய கம்பெனிகளிடம் ஸ்கேட்டர்கள் எதிர்பார்த்தது இதைத்தான். கிடைக்காதபோது கோபப்பட்டதும் இதற்காகத்தான்.

இதற்கிடையில் நைக்கி எங்கே இருந்தது? விஷயம் தெரியாமலேயே ஸ்கேட்டர்களின் காலில் இருந்தது! 1985-ல் மைக்கேல் ஜோர்டனுக்காக 65 டாலருக்கு வந்த ஏர் ஜோர்டன் 1, அப்புறம் பல கடைகளில் தள்ளுபடி அலமாரிக்குப் போனது. நல்ல தோல், உறுதியான கழுத்து, மலிவு விலை. ஸ்கேட்டர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 1987-ல் வந்த போன்ஸ் பிரிகேட் என்ற ஸ்கேட் குழுவின் வீடியோவில் லான்ஸ் மவுண்டன் போன்றவர்கள் ஜோர்டன் போட்டுக்கொண்டு பறக்கிறார்கள். நைக்கி ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. கவனிக்கவும் இல்லை. இந்த லான்ஸ் மவுண்டனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

தொண்ணூறுகள். ஸ்கேட்டர்கள் தாங்களே கம்பெனி நடத்த ஆரம்பித்த காலம். எட்னீஸ், டிசி, எமெரிக்கா, எஸ் என்று வரிசையாக வந்தன. கொஞ்சம் பின்னால், 2003-ல், ஜேமி தாமஸ் என்ற ஸ்கேட்டர் ஃபாலன் என்ற ஷூ கம்பெனியைத் தொடங்கினார். மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தி வெறுங்காலோடு, கவுன் போட்டுக்கொண்டு ஸ்கேட் செய்கிற படம் உலகமெல்லாம் சுற்றியதே, அந்தப் படத்தை எடுத்தவரும் இவர்தான்.

அப்போதுதான் நைக்கிக்கு ஆசை வந்தது. 1997-ல் ஒரு விளம்பர வரிசை எடுத்தார்கள். விளம்பரம் என்று பார்த்தால் அற்புதம். கோல்ஃப் ஆடுகிறவர்களைக் காவலர்கள் துரத்துகிறார்கள். டென்னிஸ் ஆடுகிறவர்களை விரட்டுகிறார்கள். சும்மா ஓடிக்கொண்டிருப்பவரைப் பிடிக்கிறார்கள். கடைசியில் ஒரு கேள்வி: ஸ்கேட்டர்களை நடத்துகிற மாதிரி எல்லா வீரர்களையும் நடத்தினால் எப்படி இருக்கும்? பொது இடத்தில் பலகையோடு நின்றாலே துரத்தப்பட்ட தலைமுறைக்கு அது நெஞ்சைத் தொடுகிற கேள்வி. ஸ்கேட்டர்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். ஷூவை மட்டும் வாங்கவில்லை!

எனக்கு இதில் வியப்பே இல்லை. உங்கள் வலி எனக்குப் புரிகிறது என்று ஒருவர் அழகாகப் பேசலாம். ஆனால் நீங்கள் துரத்தப்பட்ட இருபது வருடமும் அவர் பக்கத்தில் இல்லையே. அதோடு ஷூவும் சரியில்லை. பருமனான, கூடைப்பந்து வாடை அடிக்கிற ஷூ.

கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் இருந்த கன்சாலிடேட்டட் என்ற சின்னப் பலகைக் கம்பெனி வெளிப்படையாகவே போர் தொடுத்தது. நைக்கியின் 'ஜஸ்ட் டூ இட்' எல்லோருக்கும் தெரியும். இவர்கள் 'டோன்ட் டூ இட்' என்று ஸ்டிக்கர் அடித்தார்கள். அவர்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஸ்கேட் கடையில் பலகை விற்றால் கிடைக்கும் லாபம் ரொம்பக் குறைவு, கடை ஓடுவது ஷூவில்தான். தொழில்முறை ஸ்கேட்டருக்கும் பெரிய வருமானம் ஷூ கம்பெனியிடமிருந்துதான். ஷூ யார் கையில் இருக்கிறதோ, விளையாட்டின் குடுமி அவர் கையில்.

[திரையில்: தடித்த நாக்கு வைத்த டங்க்.]

சரி, அப்படியானால் 2002-ல் நைக்கி எப்படி உள்ளே நுழைந்தது? சாண்டி போடெக்கர் என்ற மனிதர். நைக்கியில் பல காலம் இருந்தவர், எஸ்பி பிரிவு அவர் பொறுப்பில் வந்தது. அவர் கடைகடையாகப் போய்க் கேட்டார். புது ஷூ ஒன்றைக் கண்டுபிடிக்க முயலவில்லை. 1985-ல் கல்லூரிக் கூடைப்பந்து அணிகளுக்காக வந்த டங்க் ஷூவை ஸ்கேட்டர்கள் மலிவாக வாங்கி ஏற்கெனவே தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அதையே எடுத்தார்கள். பலகை வந்து மோதினால் வலிக்காதபடி நாக்கை, அதாவது ஷூலேஸுக்கு அடியில் இருக்கிற பட்டையை, தடிமனாக்கினார்கள், குதிகாலுக்குக் கீழே காற்று மெத்தை வைத்தார்கள். டேனி சூபா, ஜீனோ இயனூச்சி, ரீஸ் ஃபோர்ப்ஸ், ரிச்சர்ட் முல்டர் என்ற நான்கு ஸ்கேட்டர்களிடம் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்.

முக்கியமான முடிவு இனிமேல்தான். அந்த ஷூவைப் பெரிய மால் கடைகளுக்குக் கொடுக்கவே இல்லை. தனியார் ஸ்கேட் கடைகளுக்கு மட்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஸ்கேட் கடை என்பது நம் ஊர்த் தெருமுனை டீக்கடை மாதிரி. சாமான் வாங்குகிற இடம் என்பதைவிட, காலையிலிருந்து சாயங்காலம்வரை ஆட்கள் உட்கார்ந்து பேசுகிற இடம். அந்த இடத்துக்கு மட்டும் கிடைக்கிற சரக்கு என்றதும் கடைக்காரருக்குக் கெளரவம், வாடகைக்கும் வழி. வாசலில் நிறுத்தியவர்களே கதவைத் திறந்தார்கள்.

நான் போடெக்கரைப் பாராட்டுகிறேன், மனதாரச் சொல்கிறேன். பெரிய கம்பெனிக்குள் உட்கார்ந்துகொண்டு, 'குறைவாக விற்போம், கேட்டுச் செய்வோம்' என்று வாதாடி ஜெயிப்பது சாதாரணம் இல்லை.

ஆனால் அந்தக் 'குறைவாக' என்பதுதான் பின்னால் வினையானது. குறைவாக இருந்தால் விலை ஏறும். விலை ஏறினால் மறுவிற்பனைக்காரர்கள் வருவார்கள். மூன்றே வருடத்தில் ஆர்ச்சர்ட் தெருவில் போலீஸ். 2020-ல் ஐஸ்கிரீம் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து மாட்டுத்தோல் புள்ளி போட்ட ஒரு டங்க் வந்தது. கடை விலை நூறு டாலர், வெளியே ஆயிரத்தைத் தாண்டியது. தினமும் கடைக்கு வந்து, ஓட்டை விழுந்த ஷூவோடு திரும்பிப் போகிற பையனுக்கு அதில் ஒரு ஜோடி கிடைத்திருக்குமா? வாய்ப்பு ரொம்பக் குறைவு. சில கடைக்காரர்கள் குலுக்கல் வைத்தார்கள், சிலர் பலகையோடு நேரில் வா என்றார்கள். அப்படிக் கறாராக நின்ற கடைக்காரர்கள்தான் என் கண்ணில் இந்தக் கதையின் நாயகர்கள்.

இன்னொரு பக்கம், ஸ்கேட்டர்களின் சொந்தக் கம்பெனிகள் தேய்ந்தன. டிசியை 2004-ல் குவிக்சில்வர் வாங்கியது. அதே வருடம் வேன்ஸ் விஎஃப் என்ற பெரிய ஆடை நிறுவனத்திடம் போனது. எஸ் சில வருடம் மூடிக் கிடந்து அப்புறம் திரும்பி வந்தது. நைக்கி, கான்வர்ஸ், அடிடாஸ் மூன்றும் அலமாரியில் இடம் பிடித்தன. கான்வர்ஸை நைக்கி 2003-லேயே வாங்கிவிட்டது, எனவே அந்த மூன்றில் இரண்டு ஒரே வீடு.

இதற்காக நைக்கியோடு போன ஸ்கேட்டர்களைத் துரோகி என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முட்டி உடைந்தால் முடிந்துபோகிற தொழில். ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கிற இடத்துக்குப் போவது குற்றம் கிடையாது. போனவர்களில் சிலர் உள்ளே இருந்தே சண்டையும் போட்டார்கள். ஸ்டெஃபான் ஜனோஸ்கியைப் பாருங்கள். மெத்தையும் தொழில்நுட்பமும் நிரம்பிய ஷூக்களுக்கு நடுவில், படகில் போடுகிற ஷூ மாதிரி மெல்லிசாக, எளிமையாக ஒன்று வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். 2009-ல் வந்தது. ஸ்கேட்போர்டைத் தொட்டே பார்க்காத கல்லூரிப் பிள்ளைகள்வரை போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

[திரையில்: கறுப்பு பெயின்ட் அடித்த ஏர் ஜோர்டன் 1.]

இப்போது லான்ஸ் மவுண்டன். 2014-ல் அவரும் நைக்கி எஸ்பியும் சேர்ந்து ஒரு ஜோர்டன் 1 வெளியிட்டார்கள். பார்த்தால் முழுக்கக் கறுப்பு. இன்னொன்று முழுக்க வெள்ளை. ஆனால் அது வெறும் மேல்பூச்சு. பலகையில் ஏறி ஆலி அடிக்க அடிக்க, உப்புத்தாள் அந்தப் பெயின்ட்டை உரிக்கும். உரிந்த இடத்தில் 1985-ன் பழைய ஜோர்டன் நிறங்கள் எட்டிப் பார்க்கும். தள்ளுபடி அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டார்களே, அதே நிறங்கள். பெட்டியோடு பூட்டி வைத்து விலை ஏறக் காத்திருப்பவருக்கு உள்ளே இருக்கிற ஷூ கண்ணில் படவே படாது. இந்த இருபது வருடச் சண்டையில் யாரும் சொன்னதிலேயே சிறந்த பதில் இதுதான் என்பது என் கட்சி. அதைச் சொல்லப் பணம் போட்டது நைக்கி என்பதும் உண்மைதான்.

உங்கள் கையில் அந்த ஜோடி இருந்தால் என்ன செய்வீர்கள், தேய்ப்பீர்களா, பூட்டி வைப்பீர்களா? காரணத்தோடு கமெண்ட்டில் எழுதுங்கள். கிழிந்த ஸ்கேட் ஷூ படம் வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள், நல்ல ஓட்டைகளை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். சேனலை சப்ஸ்கிரைப் செய்துவிடுங்கள். அடுத்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் 13 வயதுச் சிறுமி மொமிஜி நிஷியா ஸ்கேட்போர்டில் தங்கம் வென்ற கதை.