பட்டிக்குள் வந்தது எது?

நேயர்களுக்கு வணக்கம். காலையில் பட்டியைத் திறக்கும்போது ஆடு செத்துக் கிடந்தால், உடனே அப்புறப்படுத்திவிடாதீர்கள். எது வந்தது என்று தெரியாமல் வேலி போட்டால் செலவுதான் மிஞ்சும்.

கையுறை போட்டுக்கொண்டு, பல் பட்ட இடத்தில் தோலை உரித்துப் பாருங்கள். உள்ளே ரத்தம் கன்றிப் போயிருந்தால் உயிரோடு இருக்கும்போது கடிபட்டது. வெளுத்திருந்தால், வேறு ஏதோ காரணத்தால் செத்த ஆட்டைப் பிறகு வந்து தின்றிருக்கிறது. ஆனால் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருரத்தம் வடிந்திருந்தால் கத்தியே வைக்கக் கூடாது; ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோயாக இருக்கலாம். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பின்தொடை, காது, விலா என்று கண்ட இடமெல்லாம் கிழிந்து, பல ஆடுகள் கடிபட்டு, கறி அதிகம் தின்னப்படாமல் கிடந்தால் பெரும்பாலும் நாய்தான். நரிமேல் பழி போடுவது எளிது; அக்கம்பக்கத்து நாயைச் சொல்லத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை. சிறுத்தை பொதுவாகத் தொண்டையையோ பிடரியையோ கவ்வும். அந்தச் சந்தேகம் இருந்தால் எதையும் நகர்த்தாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கோழிக்கூட்டில் ஓடுகூட இல்லாமல் முட்டை காணாமல் போனால் பாம்பை நினைக்கலாம். பட்டப்பகலில் குஞ்சு குறைந்தால் வானத்தைப் பாருங்கள்.

ராத்திரிப் பாதுகாப்பு சரியாக இருந்தாலே பாதி இழப்புக்கு மேல் தவிர்க்கலாம் என்பது என் கணிப்பு. அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாய் அதைக் கிழித்துவிடும், எலி அதில் நுழைந்துவிடும். 12 மில்லிமீட்டர் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை போடுங்கள். குஞ்சு இருக்கும் பகுதிக்கு 6 மில்லிமீட்டர். ஆணி அடித்து நிறுத்தினால் இழுத்த இழுப்பில் பிடுங்கிக்கொள்ளும். அகல வாஷர் வைத்து ஸ்குரூ முடுக்குங்கள்.

தோண்டி வரும் விலங்கு சுவரின் அடியை ஒட்டித்தான் பறிக்கும். இரண்டடி பின்னால் தள்ளி நின்று பறிக்க அதற்குத் தோன்றாது. ஆகவே வலையைச் சுவரோடு இணைத்து, வெளிப்பக்கம் 45 சென்டிமீட்டர் தரையில் படுக்க வைத்து, மேலே மண்ணும் கல்லும் போட்டால் போதும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்கு விட்ட இடைவெளியை அடைத்துவிடாதீர்கள். அம்மோனியா தேங்கிக் கோழிக்கு மூச்சு நோய் வரும். அங்கேயும் வலைதான். கோழி உட்காரும் கழியை வலையிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். ஒட்டி இருந்தால் வெளியிலிருந்தே காலைப் பிடித்து இழுக்கும்.

மின்வேலி போடுவதானால் அதற்கென உள்ள, விட்டு விட்டு அதிர்ச்சி தரும் கருவிதான். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம். நாய், நரிக்குத் தரையிலிருந்து 15, 30, 45, 65, 90 சென்டிமீட்டர் உயரத்தில் ஐந்து கம்பி வேண்டும். அடிக்கம்பி உயர்ந்துவிட்டால் மற்ற நான்கும் வீண். வேலியின் கடைசி முனையில் 4000 வோல்ட்டாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் புல் உரசுகிறதா என்று பாருங்கள், அடுத்து எர்த். எர்த்துக்குத் துத்தநாகம் பூசிய கம்பி மூன்று, ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் இடைவெளியில் மண்ணுக்குள் இறங்க வேண்டும். கோடையில் மண் காய்ந்ததும் அதிர்ச்சி குறைவது இங்கேதான். எர்த் அடியில் தண்ணீர் ஊற்றுங்கள்.

காவல் நாயை எட்டு வாரக் குட்டியிலேயே ஆடுகளோடு விட்டு வளர்க்க வேண்டும். வீட்டுக்குள் கொஞ்சி வளர்த்த நாய் மந்தையோடு நிற்காது, வீட்டுக்கு ஓடிவரும். முதல் வருடம் விளையாட்டில் ஆட்டுக்குட்டியின் காதைக் கடிக்கும் என்பதால் ஆடு ஈனும் சமயத்தில் தனியே விடாதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி தவறக் கூடாது.

விலங்குகளை விரட்ட மினுக்கும் விளக்கை ஒரே இடத்தில் தொங்கவிட்டால் சில நாளில் அவற்றுக்குப் பழகிவிடும். இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். விஷம் வைப்பது வேண்டவே வேண்டாம். அதைத் தின்று சாவது உங்கள் காவல் நாயாகவும் இருக்கலாம். நஞ்சுக்கொடி, செத்த குட்டி எதுவானாலும் பட்டியின் பக்கத்தில் எறியாமல், கிணற்றிலிருந்து தள்ளி, ஒரு மீட்டர் ஆழத்தில் அன்றைக்கே புதைத்துவிடுங்கள்; அந்த வாடைதான் பல நேரம் முதல் விருந்தாளியை அழைத்து வருகிறது.