போர் முடிந்த பிறகு துப்பாக்கிக்கு என்ன ஆனது?

(திரையில்: இரண்டு ஜப்பானிய ரைஃபிள்கள், அருகருகே)

வணக்கம். இந்த இரண்டுமே அரிசாகா டைப் 99. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் வைத்திருந்தவை. இடப்பக்கம் இருப்பதில், தோட்டா அறைக்கு மேலே 16 இதழ் சாமந்திப் பூ முத்திரை தெரிகிறதா? அது பேரரசரின் சின்னம். வலப்பக்கத்தில் அதே இடம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அது தானாகத் தேயவில்லை. 1945-இல் சரணடைந்தபோது, பேரரசரின் சின்னம் எதிரி கைக்குப் போகக் கூடாது என்று தேய்த்து அழித்துவிட்டுத்தான் ஒப்படைத்தார்கள். பூ அப்படியே இருந்தால், போர் முடியும் முன்பே அது கைப்பற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதனால் விலையும் அதிகம்.

ராணுவ உபரித் துப்பாக்கி சேகரிப்பில் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான்: போருக்குப் பிறகு அந்தத் துப்பாக்கியை யார், என்ன செய்தார்கள்?

(திரையில்: கார்98கே, போல்ட் பகுதி நெருக்கமாக)

ஜெர்மனியின் மவுசர் கார்98கே-வை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் இதன் வரிசை எண்ணை ரிசீவரில், அதாவது குழலும் மற்ற பாகங்களும் பொருந்தும் உலோக உடலில், மட்டும் அடிக்கவில்லை. தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட், அடித்தகடு, குழலைப் பிடிக்கும் வளையங்கள், திருகுகள் வரை முழு எண்ணையோ கடைசி இரண்டு இலக்கங்களையோ அடித்தார்கள். எல்லாம் ஒத்துப்போனால் 'மேட்சிங்' என்பார்கள். சோவியத் படை கைப்பற்றிய ஆயிரக்கணக்கான கார்98கே-க்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. கிடங்கில் மொத்தமாகக் கழற்றி, சுத்தம் செய்து, கையில் கிடைத்த போல்ட்டை மாட்டி, மரத்துக்குப் பளபளவென்று ஷெல்லாக் பூசி அடுக்கிவிட்டார்கள். பல போல்ட்களில், உலோகத்தைக் கீறி எழுதும் மின்பேனாவால் புது எண் எழுதியிருப்பார்கள். ரிசீவரில் ஒரு 'எக்ஸ்' குறியும் இருக்கும். இப்படிப்பட்டது மோசமான ரைஃபிள் என்று நான் சொல்லமாட்டேன். வரலாற்றின் அந்தப் பகுதியும் உண்மைதானே. ஆனால் எண்ணை மாற்றி அடித்து 'மேட்சிங்' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். எழுத்தின் வடிவம், அடித்த ஆழம், சுற்றியுள்ள உலோகம் புதிதாகத் தேய்ந்திருக்கிறதா என்பதையெல்லாம் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ரஷ்யாவின் மோசின்-நாகன்ட் கோடிக்கணக்கில் செய்யப்பட்ட ரைஃபிள். ஒரு காலத்தில் பெட்டி பெட்டியாக, துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் காஸ்மோலின் கிரீஸின் பிசுபிசுப்போடு மலிவாகக் கிடைத்தது. அதே குடும்பத்தில்தான் ஃபின்லாந்தின் எம்39-ம் வருகிறது. ஃபின்லாந்துக்காரர்கள் ரிசீவரைத் தாங்களே செய்யவில்லை. தங்களிடம் இருந்த ரஷ்ய ரிசீவர்களிலேயே புதுக் குழல், புது மரம் பொருத்தினார்கள். குழலில் 1941 என்று இருக்கும். மரத்தைக் கழற்றினால் ரிசீவரின் வாலில் 1890-களின் ஆண்டு இருக்கும்! அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898-லோ அதற்கு முன்போ செய்யப்பட்டது 'பழம்பொருள்'. அங்கே ரிசீவரின் ஆண்டைத்தான் கணக்கில் எடுப்பதால், இரண்டாம் உலகப் போர் ரைஃபிள் ஒன்று சட்டப்படி 19-ஆம் நூற்றாண்டுப் பொருளாகிவிடுகிறது.

எண்ணிக்கையே குறைவானவையும் உண்டு. தையல் மெஷின் செய்யும் சிங்கர் நிறுவனத்திடம் அமெரிக்க ராணுவம் எம்1911ஏ1 கைத்துப்பாக்கிகள் 500 மட்டும் செய்து வாங்கியது. அவ்வளவுதான். இன்று அதற்குப் போலிகளும் ஏராளம்.

(திரையில்: வளையத்துக்கு அடியில் மரத்தில் ஒரு வெட்டு)

இந்த வெட்டு? நாடு திரும்பிய சிப்பாய், பைக்குள் அடங்க வேண்டும் என்று மரத்தை ரம்பத்தால் அறுத்திருக்கிறார். விலை குறையும்தான். ஆனாலும் போரிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தது என்பதற்கு நல்ல சாட்சி. சுவிட்சர்லாந்தின் கே31 ரைஃபிளில் பின்தகட்டைக் கழற்றிப் பாருங்கள். சில சமயம் அதை வைத்திருந்த வீரரின் பெயர்ச்சீட்டு உள்ளேயே இருக்கும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 50 வருடம் தாண்டி, பழைய வடிவிலேயே இருப்பவற்றுக்குச் சேகரிப்பாளர் உரிமம் தனியாக உண்டு. 1968-இல் சட்டம் ராணுவ உபரி இறக்குமதியை அடைத்தது, 1980-களில் பழையவற்றுக்கு மட்டும் மறுபடி வழிவிட்டது. அதன்பின் வந்தவற்றில் இறக்குமதியாளர் பெயர் பொறித்திருக்கும். அந்தப் பொறிப்பு இல்லாததற்கு மவுசு அதிகம்.

வாங்கிய பிறகு தயவுசெய்து மரத்தை இழைக்காதீர்கள், உலோகத்துக்குப் புதிதாக நீலப்பூச்சு கொடுக்காதீர்கள். மதிப்பு அன்றே போய்விடும். அப்புறம், பழைய தோட்டாக்களின் பிரைமரில் (அடியில் அடிபட்டதும் பற்றிக்கொள்ளும் பகுதி) பொட்டாசியம் குளோரேட் இருந்திருக்கலாம். சுட்டதும் குழலுக்குள் உப்பு தங்கி, ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது. முதலில் வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் போடுங்கள்.