தினமும் ரப்பர் வெட்டுவியா மக்களே?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் பேசி முடித்து அமர்ந்திருக்கிற அண்ணன் அவர்களே, டீச்சர் அக்கா அவர்களே, நூலக ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிற தக்கலை ஊர் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்கு ட்ரையத்லான் பயிற்சி வலுவா, சுமையா?" இதுதான் தலைப்பு. வலு என்று சொல்ல வந்திருக்கிறேன். முதலில் இது என்ன விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். முன் வரிசையில் இருக்கிற பாட்டி நான் மேடை ஏறும்போதே கேட்டுவிட்டார்கள். நீந்த வேண்டும், கரையேறி உடனே சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கி உடனே ஓட வேண்டும். இடையில் உட்கார்ந்து இளைப்பாற முடியாது, உடையும் செருப்பும் மாற்றுகிற நேரமும் கணக்கில் சேரும். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இதைச் சேர்த்தார்கள். அங்கே நீச்சல் 1.5 கிலோமீட்டர், சைக்கிள் 40, ஓட்டம் 10. அந்தத் தூரத்தை நான் இரண்டு முறை முடித்திருக்கிறேன். பரிசு எதுவும் வாங்கியதில்லை. எனக்கு 43 வயது, மருந்துக்கடை நடத்துகிறேன், இரண்டு பிள்ளைகள்.

எதிரணி அண்ணன் சொன்னது: நம் பாட்டன் பூட்டன் பனை ஏறினார்கள், வலை இழுத்தார்கள், வயலில் உழுதார்கள், அவர்களுக்கு எதற்குத் தனியாகப் பயிற்சி? அப்புறம் சைக்கிள் ஒன்று லட்சக்கணக்கில், இது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்றார். அக்கா சொன்னது: வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தை இது தின்றுவிடுகிறது, கடலுக்கும் ரோட்டுக்கும் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. நான்குமே நியாயமான கேள்விகள். நான்கையும் நானும் என்னிடம் கேட்டிருக்கிறேன்.

நடுவர் ஐயா, இந்தப் போட்டியில் 'அயர்ன்மேன்' என்று ஒரு பெரிய தூரம் உண்டு. 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 மிதித்து, 42.2 ஓடி முடிக்க வேண்டும். அது பிறந்ததே ஒரு பட்டிமன்றத்தில்தான். 1977-ல் அமெரிக்காவின் ஹவாயில், ஓவாஹு தீவில் ஒரு தொடர் ஓட்டப் போட்டியின் பரிசளிப்பு. அங்கே ஒரு வாக்குவாதம்: உடல் வலுவில் மிஞ்சியவர் ஓட்டக்காரரா, நீச்சல்காரரா? கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், சைக்கிள்காரரை விட்டுவிட்டீர்களே என்று எழுந்தார். அந்தத் தீவில் தனித்தனியாக நடந்துகொண்டிருந்த மூன்று போட்டிகளையும் ஒரே நாளில் சேர்த்து வைத்துப் பார்ப்போம் என்றார். 1978 பிப்ரவரி 18-ல் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். மறு ஆண்டு லின் லெமேர் என்கிற பெண் ஒருவர் வந்தார். களத்தில் அவர் ஒருவர்தான் பெண். மொத்தத்தில் ஐந்தாவதாக முடித்தார். அந்த வாக்குவாதத்துக்கு இன்றுவரை தீர்ப்பு இல்லை. ஏனென்றால் மூன்றையும் சேர்த்த பிறகு, எது பெரிது என்கிற கேள்வி பின்னால் போய்விட்டது. ஒன்றில் எவ்வளவு செலவழித்தால் அடுத்ததற்கு மிச்சம் இருக்கும் என்கிற கேள்வி முன்னால் வந்துவிட்டது. நான் இன்று பேச வந்ததும் அந்த மிச்சத்தைப் பற்றித்தான்.

அண்ணனின் முதல் கேள்வியை எடுக்கிறேன். என் தாத்தா பனையேறி. காலையும் மாலையும் ஏறி அக்கானி, அதாவது பதநீர், இறக்கினவர். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் 35 வருடம் மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டினவர், நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு விடியும் முன்னே போவார். அவர்களுக்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை, சரி. ஆனால் அவர்களுடைய பேத்தியும் மகளுமான நான் காலை ஒன்பதரை முதல் இரவு எட்டரை வரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குகிறார்கள். முப்பத்தைந்து வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுடைய அப்பாக்களும் பனை ஏறினவர்கள்தான். மரத்தை விட்டு நாம் இறங்கிவிட்டோம் அண்ணே, உடம்புக்கு அது இன்னும் தெரியவில்லை.

நான் ஆரம்பித்தது 37 வயதில். சானல் என்கிற பாசனக் கால்வாயில் குளித்து வளர்ந்தவள் என்பதால் நீந்தத் தெரியும். சைக்கிள், என் மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச சைக்கிள். கியர் கிடையாது. தக்கலையிலிருந்து குலசேகரம் போகிற ஏற்ற இறக்கத்தில் ஆறு மாதம் அதைத்தான் மிதித்தேன். பிறகு வேறொருவர் ஓட்டிய பழைய ரோடு பைக்கை, அதாவது பந்தயச் சைக்கிளை, 38,000 ரூபாய்க்கு வாங்கினேன், இன்றும் அதுதான். லட்சத்துக்கும் சைக்கிள் உண்டு, வாங்குகிறவர்கள் வாங்கட்டும். தின்பதற்கு நம் ஊரிலேயே எல்லாம் இருக்கிறது. நீண்ட மிதிக்கு முன்னால் ஏத்தன் (நேந்திரம்) பழமும் பால் விடாத கட்டன் சாயாவும், பாதி வழியில் கருப்பட்டித் துண்டு, பாட்டிலில் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், அதோடு உப்பும் போகும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கமே வரலாம். இதைக் கடைக்காரியாக அல்ல, இரண்டு முறை தலைசுற்றி உட்கார்ந்தவளாகச் சொல்கிறேன்.

இரண்டாவது வருடம் எனக்கு ஆசை மிஞ்சிவிட்டது. தினமும் ஓடினேன், தினமும் முந்தின நாளைவிட வேகமாக ஓடப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு வலி. வலியைத் தாங்குவதுதான் பயிற்சி என்று நினைத்து மேலும் மூன்று வாரம் ஓடினேன். ஸ்கேனில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். இரண்டு மாதம் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் இந்த விளையாட்டைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"தினமும் ரப்பர் வெட்டுவியா மக்களே?" என்று கேட்டார்.

இல்லை, ஒன்றுவிட்ட ஒரு நாள்தான் என்றேன்.

"தினமும் வெட்டினாலும் பால் வரும். கொஞ்ச நாள் நல்லாவே வரும். அப்புறம் பட்டை செத்துப்போவும். ஆழமா வெட்டினா மரத்துக்குக் காயம், அந்த இடத்துல பட்டை நேரா வளராது. இலை உதிர்ற சமயத்துல மரத்தை விட்டுரணும். இதெல்லாம் ஒனக்குத் தெரியும்லா."

தெரியும் நடுவர் ஐயா. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியும். என் காலுக்கு அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்குத்தான் என் பயிற்சி ஆரம்பித்தது என்று சொல்வேன். பயிற்சி முறை தெரிந்தவர்கள் சொல்வதும் அப்பா சொன்னதும் ஒன்றுதான். ஓடும்போது தசை தேய்கிறது, ஓய்வில் தேறும்போதுதான் வலுவாகிறது. இன்று கடினமாகச் செய்தால் நாளை லேசாக. மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைக்க வேண்டும். ஓட்டத்தில் பெரும்பகுதி பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் பத்மநாபபுரம் கோட்டைச் சுவரை ஒட்டி அப்படித்தான் ஓடுகிறோம், ஊர்க்கதை பேசிக்கொண்டே. அந்த இரண்டு மாதமும் நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கால் தரையில் அடிபடாமல் நீந்தலாம், பிறகு மெல்ல மிதிக்கலாம். ஒன்று படுத்தால் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்கிற விளையாட்டு இது. வெறும் ஓட்டம் மட்டும் ஓடினவளாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேச்சிப்பாறை வரை போய்வந்து, சைக்கிளைச் சாய்த்து வைத்த கையோடு ஷூ மாட்டி கால் மணி நேரம் ஓடுவேன். இதை 'பிரிக்' என்பார்கள். செங்கல் என்று அர்த்தம். முதல் ஐந்து நிமிடம் கால் உண்மையாகவே செங்கல்தான், தன் கால் மாதிரியே இருக்காது. ஆடி மாதம் ஆரல்வாய்மொழி பக்கம் போனால் காற்று சொல்லிக்கொடுக்கும். போகும்போது கணவாய்க் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும், முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே பறக்கலாம். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். போகும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டவர் திரும்பி வர ஆட்டோ தேட வேண்டியதுதான். நான் ஒரு முறை தேடியிருக்கிறேன்.

அக்கா, நீங்கள் கேட்ட நேரத்துக்கு வருகிறேன். என் வாரத்தில் இரண்டு நீச்சல், இரண்டு சைக்கிள், மூன்று ஓட்டம். கூட்டினால் எட்டு மணி நேரத்தைத் தாண்டாது. வாரத்துக்கு 168 மணி நேரம். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. பெரும்பாலும் வீடு எழும் முன்னே முடிந்துவிடும்.

ஆனால் நீங்கள் சொன்ன ஒன்றை நான் முழுதாக ஒத்துக்கொள்கிறேன். வீட்டுச் சமையலையும் பிள்ளைகளையும் மனைவி தலையில் விட்டுவிட்டு ஐந்து மணி நேரம் சைக்கிளில் போய், திரும்பி வந்து தூங்கிவிடுகிற ஆண்களை நானும் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் முழு அயர்ன்மேனுக்குத் தயாராகாதீர்கள் என்று என்னிடம் கேட்கிறவர்களிடம் சொல்கிறேன், சிலர் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் நீந்தவும் மிதிக்கவும் ஓடவும் கற்றுக்கொண்டார்கள். அடுத்ததற்கு மிச்சம் வைப்பதைக் கற்கவில்லை. அது வராமல் இந்த விளையாட்டு வந்ததாகவே நான் எண்ண மாட்டேன்.

எனக்கு அது வீட்டில்தான் அதிகம் உதவியிருக்கிறது. முன்பெல்லாம் கடையை அடைத்து வீட்டுக்கு வந்தால் மகன் கணக்குப் புத்தகத்தை எடுத்து வருவதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். இப்போது மாலை நான்கு மணிக்கே மனதில் ஒரு கணக்கு ஓடும்: இன்னும் ஒரு ஓட்டம் பாக்கி இருக்கிறது, அது வீட்டில் இருக்கிறது. போன வருடம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். கணவர் வெளியூரில். மகள் ஆட்டோவுக்குப் போன் செய்தாள். நான் மாமியாரைத் தூக்கிக்கொண்டு பதினான்கு படி இறங்கினேன். கை நடுங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, "பயப்படாதீங்க அத்தை" என்று பேசிக்கொண்டே இறங்க முடிந்தது. அவர்கள் அதோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுமையா என்று அவர்களிடமே கேட்கலாம்.

கடைசியாகக் கடல். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோனதை அக்கா நினைவுபடுத்தினார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் வாய் வராது. அந்த நாட்களில் இருந்தது கள்ளக்கடல். எங்கோ தெற்கே வெகு தொலைவில் அடித்த புயலின் அலை, நம் கரையில் காற்றே இல்லாதபோது வந்து ஏறும். பார்த்தால் தெரியாது, அதனால்தான் அந்தப் பெயர். எழுபது கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள குமரி மாவட்டம் இது. இங்கே கடலைப் படிக்காமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் வாரநாட்களில் ஊர்க்குளத்தில் நீந்துகிறேன். இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவை கட்டியிருக்கும், படித்துறையில் கணவர் உட்கார்ந்திருப்பார். ஒரு நாளும் தனியாக இறங்கியதில்லை. கடலுக்குப் போவது ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான், கூடவே ஒரு வள்ளம் வரும். வள்ளக்காரப் பெரியவர் காலையில் தண்ணீரைப் பார்த்துவிட்டு "நீவாடு சரியில்ல, இன்னைக்கு வேண்டாம்" என்று சொன்னால் அன்றைக்கு வேண்டாம். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். இத்தனை தூரம் வந்துவிட்டோமே என்று ஒரு முறைகூட அவரிடம் வாதாடியதில்லை. கடல் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது, கரைக்கு இணையாக நீந்தி இழுப்பைத் தாண்டிவிட்டு அப்புறம்தான் திரும்ப வேண்டும். இதை என் இரண்டு பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இங்கே இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் இந்த ஒரு வாக்கியத்தையாவது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நடுவர் ஐயா மணியடிக்கப் போகிறார், ஒன்றே ஒன்று. விழா தொடங்கும் முன் சாயா குடிக்கும்போது டீச்சர் அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள், "எனக்கு 52 ஆச்சு, இனி நீந்தப் படிக்க முடியுமா?" அமெரிக்காவில் மடோனா பூடர் என்று ஒரு கன்னியாஸ்திரி. ஓட ஆரம்பித்ததே நாற்பது வயதுக்கு மேல். 2012-ல் தம் 82-ஆம் வயதில் கனடாவில் முழு அயர்ன்மேனை முடித்தார்கள். அக்கா, உங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் குளத்தங்கரைக்கு வாருங்கள். துண்டும் மாற்றுத்துணியும் போதும், மிதவை என்னிடம் இன்னொன்று இருக்கிறது.

நன்றி, வணக்கம்.