சிகரெட் பாக்கெட்டுக்குள் நடிகை வந்த கதை

வணக்கம். தாம் தொடங்கிய குடும்பத் தொழிலின் விளம்பரத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல், ஒரு தந்தை தம் மகனுக்குக் கண்டித்துக் கடிதம் எழுதினார். அந்த விளம்பரத்தில் அப்படி என்னதான் இருந்தது? நடிகைகளின் படங்கள்.

பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வட கரோலினாவில், டர்ஹாம் நகரத்து டியூக் புகையிலை நிறுவனம் 1884-இல் பான்சாக் என்ற சிகரெட் சுற்றும் இயந்திரத்தை ஓடவிட்டது. கையால் சுற்றுபவர் நாளொன்றுக்குச் சுமார் 3,000 சிகரெட் சுற்றிய காலத்தில், அது பத்து மணி நேரத்தில் 1,20,000 சிகரெட்டைச் சுற்றித் தள்ளியது. இத்தனையையும் யார் தலையில் கட்டுவது?

அட்லாண்டாவில் டியூக்கின் விற்பனையாளராக இருந்த எட்வர்ட் ஸ்மால் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்நகரில் புகழ்பெற்றிருந்த மேடம் ரியா என்ற நாடக நடிகையின் சம்மதத்தைப் பெற்று, அவர் கையில் டியூக் சிகரெட் பாக்கெட் இருக்கும் படத்தை, 'அட்லாண்டாவின் அபிமானம்' என்ற வாசகத்தோடு நாளிதழில் வெளியிட்டார். அபிமானம் நடிகைமீதா, சிகரெட்மீதா என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார், கெட்டிக்காரர்!

அடுத்து, பாக்கெட் நசுங்காமலிருக்கச் செருகப்பட்ட அட்டைக்கு வருவோம். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அந்த அட்டையில் பழுப்பேறிய சிறு புகைப்படம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். படத்தில் இருப்பவர் லில்லியன் ரஸல் போன்ற நட்சத்திரமாகவும் இருக்கலாம், பெயரே அச்சிடப்படாத ஒரு பெண்ணாகவும் இருக்கலாம். பெண்களின் பாவாடை கணுக்காலைத் தொட்ட அக்காலத்தில், கால்களை இறுக்கிப் பிடித்த மேடை உடையில் அவர்கள் நின்ற கோலமே பரபரப்புக்குப் போதுமானதாக இருந்தது. இந்தப் படங்களின் தொகுப்பை முழுமையாக்க வேண்டுமென்றால் அடுத்த பாக்கெட்டையும் வாங்கியாக வேண்டும். நியூயார்க்கின் கின்னி நிறுவனமும் ஸ்வீட் கேப்பரல் சிகரெட்டுக்கு இதே உத்தியைக் கையாண்டது. என்னைக் கேட்டால், இதில் விற்கப்பட்டது புகையிலையைவிட ஆவல்தான்.

இப்போது அந்தக் கடிதம். மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பக்திமானான வாஷிங்டன் டியூக், பாதிரியார் ஒருவரின் முறையீட்டையும் இணைத்து, 1894 அக்டோபரில் மகன் ஜேம்ஸ் டியூக்குக்கு எழுதினார். இத்தகைய படங்கள் இளைஞர்களையும் இளம்பெண்களையும் கெடுக்கும் என்பது அவருடைய முதல் வாதம். அடுத்த வாதத்தைக் கேளுங்கள்: இவை சட்டமன்றங்களில் சிகரெட்டுக்கு எதிராகப் பேசுவோரின் கையை வலுப்படுத்திவிடுமாம்! பக்தி ஒரு கண் என்றால் வியாபாரம் மறு கண். முதியவரை எழுத வைத்தது இவற்றில் எது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.