1912ல கார்லைல் பசங்க ஆடின சீசன்

வணக்கம் நேயர்களே. இன்னைக்கு ஒரு ஃபுட்பால் டீமோட ஒரே ஒரு சீசனப் பத்தி பேசப்போறேன். ஃபுட்பால்னா நம்ம ஊர்ல காலால உதைச்சு கோல் போடுற ஆட்டம் இல்ல, அமெரிக்காக்காரங்க முட்டை மாதிரி இருக்கிற பந்தை கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓட, எதிர் டீம் ஆளுங்க மேல விழுந்து அமுக்குவாங்களே, அந்த ஆட்டம். டீம் பேரு கார்லைல், வருஷம் 1912.

கார்லைல்ங்கறது பென்சில்வேனியால ஒரு சின்ன ஊரு. அங்க பட்டாளம் காலி பண்ணிட்டுப் போன குடியிருப்புல 1879ல ரிச்சர்ட் ஹென்றி பிராட்னு ஒரு ராணுவ அதிகாரி பூர்வகுடிப் பிள்ளைங்களுக்குன்னு ஒரு போர்டிங் ஸ்கூல் ஆரம்பிச்சார் (செவ்விந்தியர்னு பாடப் புத்தகத்துல படிச்சோம், எனக்கு அந்த வார்த்தையச் சொல்ல மனசு வர்றதில்ல). ரெண்டாயிரம் மைல் தள்ளியிருந்தெல்லாம் ரயில்ல கொண்டுவந்த பிள்ளைங்க, வந்து இறங்கினதும் முடிய வெட்டிட்டு பேர மாத்திட்டு தாய்மொழில பேசக்கூடாதுன்னுட்டாங்க. நம்ம வீட்ல பிள்ளைக்கு மொட்டை போடுறதுன்னா சாமிக்கு நேர்ந்துக்கிட்டு மாமன் மடில உக்காரவச்சு செய்யற நல்ல காரியம், ஆனா அங்க பல இனங்கள்ல சாவு விழுந்தாத்தான் முடிய வெட்டிக்குவாங்க, அப்போ அந்தப் பிள்ளைங்க யாரு செத்துட்டாங்கன்னு நினைச்சு அழுதிருக்கும், சொல்லுங்க.

அது காலேஜே இல்ல, ஆனா டீம் ஆடினது பூரா காலேஜுங்களோட. கோச் பாப் வார்னர். பெரிய மேட்ச் எல்லாம் வெளியூர்தான், ஏன்னா கூட்டமும் டிக்கெட் காசும் அங்கதான். அந்த அக்டோபர்ல சனிக்கிழமை ஜார்ஜ்டவுனோட ஆடி 34-20ன்னு ஜெயிச்சுட்டு, அப்படியே ரயிலேறி திங்கட்கிழமை கனடால டொரான்டோவோட ஆடியிருக்காங்க, அதுலயும் ஜெயிச்சாங்க. இப்ப இருக்கிற எந்த டீமையாவது அப்படி ஆடச் சொல்ல முடியுமா?

விதியெல்லாம் அந்த வருஷம்தான் மாறிச்சு. பத்து கஜம் முன்னேற அதுவரைக்கும் மூணு சான்ஸ், இனிமே நாலு. பந்தோட எதிர் டீமோட எல்லைக்கோட்டைத் தாண்டினா டச் டவுன், அதுக்கு அஞ்சு பாயின்ட் ஆறாச்சு. பந்தை முன்னாடி வீசுறதுக்கு 20 கஜம்தான்னு இருந்த கட்டுப்பாடும் போச்சு. அதுக்கு முன்னாடி உடம்பு கனத்தால முட்டி மோதுறதுதான் பாதி ஆட்டம், 1905ல நிறைய பசங்க களத்துல அடிபட்டு செத்ததுக்கப்புறம்தான் விதிய மாத்தவே ஆரம்பிச்சாங்க.

டீம்ல ஜிம் தார்ப் இருந்தார். அந்தக் கோடைலதான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ்ல பென்டத்லான் (அஞ்சு போட்டி சேர்ந்தது), டெகத்லான் (பத்து போட்டி சேர்ந்தது) ரெண்டுலயும் தங்கம் வாங்கிட்டு வந்திருந்தார், சாக் அண்ட் ஃபாக்ஸ் இனம், ஓக்லஹோமாக்காரர். ஓடுறதும் அவரே உதைக்கிறதும் அவரே. அவர் பேரு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஆட்டத்தை நடத்துற குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச், முன்வரிசைல நின்னு மோதுற டேக்கிள் ஜோ கையான், அலெக்ஸ் அர்காசா, இவங்க பேரையும் இந்த ரேடியோல ஒரு தடவை சொல்லிடணும்னுதான் நான் இன்னைக்கு வந்ததே.

நவம்பர் 9, வெஸ்ட் பாயின்ட். எதிர் டீம் அமெரிக்க ராணுவ அகாடமி. 1890 டிசம்பர்ல வூண்டட் நீங்கற இடத்துல பூர்வகுடி மக்கள, பொம்பளைங்க, குழந்தைங்கன்னு பார்க்காம சுட்டுக் கொன்னது இதே ராணுவத்தோட குதிரைப்படை, 22 வருஷம்கூட முழுசா ஆகல, கார்லைல் பசங்கள்ல பலபேர் அதை ஒட்டிப் பொறந்தவங்க, அவங்க வீட்டுப் பெரியவங்களுக்கு அந்தப் பட்டாளம்னா என்னன்னு நல்லாவே தெரியும். ராணுவ டீம்ல பின்னால ஜனாதிபதி ஆன ஐசன்ஹோவர் ஆடினார். முதல் டச் டவுன் அவங்களோடது, 6-0. அப்புறம் கார்லைல் 7-6. ரெண்டாவது பாதி ஆரம்பிச்ச உடனே ராணுவ கேப்டன் டிவோர், கையான்கிட்ட படுற அடி தாங்காம அவர்மேல பாய்ஞ்சு அடிச்சு, ரெஃப்ரி கேப்டனையே வெளில அனுப்பிட்டார். தார்ப்ப ரெண்டு பக்கமும் நெருக்கி மோதி அடிச்சுடலாம்னு ஐசன்ஹோவரும் இன்னொருத்தரும் ஓடிவர, இவர் சட்டுனு நின்னுட, அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர்மேல ஒருத்தர் மோதி விழுந்தாங்கன்னு சொல்வாங்க. கடைசில 27-6. நாலு டச் டவுன்ல மூணு அர்காசாவோடது, தார்ப்போடது ஒண்ணுகூட இல்ல! அவரத் தடுக்கத்தான் எல்லாரும் ஓடினாங்க, அந்த இடைவெளில மத்தவங்க புகுந்து போயிட்டாங்க. டீம்னா என்னன்னு பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறப்பல்லாம் எனக்கு இந்த மேட்ச்தான் ஞாபகம் வரும்.

அடுத்த வாரமே பென்சில்வேனியா யுனிவர்சிட்டிகிட்ட 34-26ன்னு தோத்தாங்க. சீசன்ல அது ஒண்ணுதான் தோல்வி, வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன்கூட ஒரு டிரா, மிச்சம் 12ம் ஜெயிச்சாச்சு. மொத்தம் 504 பாயின்ட்.

1913 ஜனவரில, தார்ப் முன்னாடி வட கரோலினால சின்ன லீக்ல காசு வாங்கிட்டு பேஸ்பால் ஆடினார்னு ஒரு பேப்பர்ல வந்துச்சு, காசுக்கு ஆடினவங்க ஒலிம்பிக்ஸ்ல கலந்துக்கக்கூடாதுன்னு அப்போ விதி, ரெண்டு தங்கத்தையும் புடுங்கிட்டாங்க. காலேஜ் பசங்க நிறையபேர் கோடைல அப்படி ஆடினவங்கதான், மத்தவங்க பொய்ப்பேர்ல ஆடினாங்க, இவர் சொந்தப்பேர்ல ஆடினார், அவ்வளவுதான் வித்தியாசம். 1953ல இறந்துட்டார். அந்த ரெண்டு போட்டிலயும் அவர் ஒருத்தர்தான் ஜெயிச்சவர்னு ஒலிம்பிக் கமிட்டி ஒத்துக்கிட்டது 2022ல. நூத்திப்பத்து வருஷம் ஆகியிருக்கு, இத நினைச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியும்.

கஸ் வெல்ச் பண்ணின வேலை அவ்வளவா வெளில தெரியாது. ஸ்கூல்ல பிள்ளைங்கள அடிக்கிறது, ஃபுட்பால்ல வர்ற காசு போற விதம், இதெல்லாம் விசாரிக்கணும்னு மாணவர்கள்கிட்ட கையெழுத்து வாங்கி அனுப்பினவர் அவர்தான். 1914ல பாராளுமன்றக் குழுவே வந்து விசாரிச்சது. சூப்பரின்டெண்டென்ட் வேலை போச்சு, அந்த சீசன் முடிஞ்சதும் வார்னரும் கிளம்பிட்டார். 1918ல ஸ்கூல மூடிட்டாங்க.

இப்பவும் அது ராணுவ இடம்தான். அங்க ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கு, ஸ்கூல்ல படிக்க வந்து நோவுல இறந்த பிள்ளைங்க 180 பேருக்கு மேல அங்க புதைச்சிருந்தாங்க, வெள்ளைக் கல்லு வரிசையா. சில கல்லுல பேரு இருக்கு, சிலதுல அடையாளம் தெரியாதவர்னு மட்டும்தான் இருக்கு. 2017ல வயோமிங்லேர்ந்து அரப்பஹோங்கற பூர்வகுடி இனத்து மக்கள் வந்து தங்களோட பிள்ளைங்களத் தோண்டி எடுத்து சொந்த மண்ணுக்குக் கொண்டுபோனாங்க, அதுக்கப்புறம் வேற வேற இனத்துக்காரங்களும் வந்து ஒவ்வொரு பிள்ளையா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க.

நன்றி, வணக்கம்.