கஜகஸ்தானில் நோன்புப் பெருநாளுக்கு விடுமுறை இல்லையா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் ஒன்று என்னைச் சில நாட்களாகவே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அல்மாட்டியில் மருத்துவம் படிக்கும் மாணவி ஒருவரின் தாயார் கேட்கிறார்: "கஜகஸ்தான் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு என்று சொன்னீர்கள். ஆனால் நோன்புப் பெருநாளன்று என் மகளுக்கு வழக்கம்போல் வகுப்பு நடந்தது. ஜனவரி 7 கிறிஸ்துமஸ் என்று விடுமுறை விட்டார்கள். இது எப்படி ஐயா?"

அம்மா, உங்கள் மகள் சொன்னது சரிதான். அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் முஸ்லிம்கள். ஆயினும், சட்டப்படி மதம் சார்ந்த விடுமுறைகள் அங்கே இரண்டே இரண்டுதான்: குர்பான் ஐத் எனப்படும் ஹஜ்ஜுப் பெருநாளின் முதல் நாள் ஒன்று, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை பழைய ஜூலியன் நாட்காட்டியின்படி கொண்டாடுகிற, ஜனவரி 7இல் வரும் கிறிஸ்துமஸ் மற்றொன்று. ஓராசா ஐத் எனப்படும் நோன்புப் பெருநாள் பட்டியலில் இல்லை. காலையில் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, நேரே அலுவலகத்துக்குப் போகிறவர்கள் அங்கே ஏராளம். உறவினர் வீடுகளுக்குப் போவதும், பவுர்சாக் என்னும் எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டத்தோடு விருந்துண்பதும் மாலையில் நடக்கும். இந்த இரண்டு விடுமுறைகளும்கூட, தேசிய விழாக்களின் வரிசையில் வைக்கப்படாமல், வெறும் ஓய்வு நாட்களாகவே சட்டத்தில் குறிக்கப்பட்டுள்ளன. ஆகவே, தேசிய விழா வார இறுதியில் வந்தால் அடுத்த வேலைநாள் ஈடாகக் கிடைக்கும். குர்பான் ஐத் சனிக்கிழமையில் வந்தால் அது போனது போனதுதான்.

ஏன் இப்படி? 1989ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கஜக்குகள் சுமார் 40 சதவீதம், ரஷ்யர்கள் சுமார் 38 சதவீதம். தன் மண்ணிலேயே பாதிக்கும் குறைவாக இருந்த ஓர் இனத்தின் பெயரில் 1991இல் ஒரு நாடு பிறந்தது. 1995ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதை மதச்சார்பற்ற நாடு என்றது. இந்தப் பக்கம் ஒரு நாள், அந்தப் பக்கம் ஒரு நாள் என்று தராசுத் தட்டில் வைத்ததுபோல் கொடுத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. மத்திய ஆசிய நாடுகளான உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் மூன்றும் இரு பெருநாட்களுக்குமே விடுமுறை தருகின்றன. கிர்கிஸ்தான் அவற்றோடு ஜனவரி 7ஐயும் சேர்த்துத் தருகிறது.

என் உரைகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது நினைவிருக்கும்: ஒரு நாட்டின் விடுமுறைப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது, எது எப்போது சேர்ந்தது, எது எப்போது நீங்கியது என்றும் பார்க்க வேண்டும். உண்மையில், அந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் நான் காத்திருந்தேன்.

நவுரிஸ் என்னும் வசந்தகாலப் புத்தாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீர், இறைச்சி, உப்பு, கொழுப்பு, மாவு, தானியம், பால் ஆகிய ஏழும் சேர்த்துக் காய்ச்சுகிற நவுரிஸ் கோஜே என்ற கஞ்சி அன்று ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஒரு வீட்டுக்குப் போய் அதைக் குடிக்காமல் எழுந்துவர முடியாது. அடுத்த வீட்டிலும் அப்படியே என்பதால், மாலைக்குள் வயிறு என்ன பாடுபடும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இந்த விழாவைச் சோவியத் ஆட்சி 1926இல் தடைசெய்தது. 1988இல்தான் அது பொதுவெளிக்குத் திரும்பியது. இன்றோ மார்ச் 21 முதல் 23 வரை மூன்று நாள் விடுமுறை. நோன்புப் பெருநாளுக்கு ஒரு நாள்கூடத் தராத அரசு இதற்கு மூன்று நாள் தருகிறது என்றால், மதம் கடந்து எல்லோரும் சேர்ந்து கொண்டாடக்கூடிய விழா எது என்று அது தேடிக் கண்டெடுத்திருக்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

மீண்டும் சொல்கிறேன், சேர்ந்ததையும் நீங்கியதையும் பாருங்கள். தலைநகர் நாள் முதலில் ஜூன் 10ஆக இருந்தது. 2008இல் ஜூலை 6க்கு மாற்றினார்கள். தலைநகரை அல்மாட்டியிலிருந்து இன்றைய அஸ்தானாவுக்கு மாற்றும் முடிவு 1994இல் எடுக்கப்பட்ட தேதி அது என்பது அதிகாரபூர்வக் காரணம். அதே ஜூலை 6 அன்றைய அதிபர் நசர்பாயெவின் பிறந்தநாள் என்பதும் ஊரறிந்த செய்தி. 2012 முதல் டிசம்பர் 1 'முதல் அதிபர் நாள்' என்று அவருக்காகவே விடுமுறையானது. 2022 ஜனவரிக் கலவரங்களுக்குப் பிறகு அவருடைய செல்வாக்கு சரிந்தது. அதே ஆண்டில் அந்த விடுமுறையும் நீக்கப்பட்டது. 1990இல் இறையாண்மைப் பிரகடனம் வெளியான அக்டோபர் 25, முன்பு கைவிடப்பட்டிருந்த நிலையில், அதே 2022இல் குடியரசு நாளாகத் திரும்பி வந்தது.

எஞ்சியிருப்பது டிசம்பர் 16, சுதந்திர நாள். சோவியத் குடியரசுகளில் கடைசியாக விடுதலை அறிவித்தது கஜகஸ்தான். அதை 1991இல் அறிவித்த தேதி இது. 1986இல் இதே தேதியில்தான், கஜக்கரான குனாயெவ் கஜகஸ்தான் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையிலிருந்து நீக்கப்பட்டு, வெளியிலிருந்து வந்த கோல்பின் அமர்த்தப்பட்டார். மறுநாள் அதை எதிர்த்து அல்மாட்டி சதுக்கத்தில் திரண்ட இளைஞர்கள் அடக்கப்பட்டார்கள். 2011இல், சுதந்திரத்தின் இருபதாம் ஆண்டு நிறைவன்றே, ஜானவோசென் நகரில் வேலைநிறுத்தத்தில் இருந்த எண்ணெய்த் தொழிலாளர்கள்மீது காவல்துறை சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஜானவோசெனைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். அதுகுறித்துக் கேள்விகள் இருந்தால் இப்போதே அனுப்பிவையுங்கள்.